டெஸ்ட் நாளைக்கு... பரீட்சை இன்னிக்கு ராத்திரி! கொலோனோஸ்கோபிக்கு முன்னாடி நீங்க செய்ய வேண்டியது என்ன?

முதல்ல ஓர் உண்மையைச் சொல்லிடுறேன். எனக்கு வாழ்க்கையில் ரெண்டு கொலோனோஸ்கோபி நடந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல வெறும் 3 வாரம்தான் இடைவெளி. முதல் தடவை ஃபெயில். டாக்டர் ஃபெயில் ஆகலை, மெஷினும் ஃபெயில் ஆகலை. ஃபெயில் ஆனது நான்.

கதை இப்படித்தான் ஆரம்பிச்சுது. மோஷன் போகும்போது அவ்வப்போது ரத்தம். `மூலமா இருக்கும், உடம்புச் சூடு' என்று அம்மா சொன்னார். வெந்தயம், மோர், நல்லெண்ணெய்க் குளியல் எல்லாம் முடிந்தது. கூகுளில் தேடினேன். முதல் பக்கத்தில் மூலம், மூன்றாவது பக்கத்தில் புற்றுநோய் என்று வந்தது. போனை கவிழ்த்து வைத்துவிட்டேன். நீங்களும் இப்படிக் கவிழ்த்து வைத்திருக்கலாம். ஆறு மாதம் இப்படியே ஓடி, ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் குறைந்த பிறகுதான் குடல் மருத்துவரிடம் போனேன். அவர் கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்தார்.

டெஸ்ட் அன்று மயக்கம் தெளிந்து கண் விழித்தால், பக்கத்தில் நின்ற சிஸ்டர் கேட்ட முதல் கேள்வி, ``என்னம்மா, முந்தாநாள் கீரை சாப்பிட்டீங்களா?''

சாப்பிட்டேன். முருங்கைக்கீரை. ஹீமோகுளோபின் குறைவு என்றதும் அம்மா ஆசையாகச் செய்து கொடுத்தது. அது போதாதென்று, குடிக்கச் சொன்ன பேதி மருந்தில் கடைசி அரை லிட்டரை வாஷ்பேசினில் ஊற்றியிருந்தேன். `முக்கால்வாசி குடிச்சாச்சே, போதும்' என்று நினைப்பு. ரிப்போர்ட்டில் ஒரே வரி: குடல் சரியாகச் சுத்தமாகவில்லை, மறுபடி செய்ய வேண்டும்.

கொலோனோஸ்கோபி என்றாலே `பின்பக்கமா குழாய் விடுவாங்களாமே' என்ற பயம்தான் எல்லோருக்கும். அந்தக் குழாய் உள்ளே போகும்போது நீங்கள் பெரும்பாலும் தூக்கத்தில் இருப்பீர்கள். டெஸ்ட்டின் முடிவைத் தீர்மானிக்கும் பாதி வேலை அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில், உங்கள் சமையலறையிலும் பாத்ரூமிலும் நடக்கிறது. அதைப் பற்றி யாரும் நமக்கு உட்கார்ந்து சொல்லித்தருவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

இது ஏன் இப்போ நம்ம டாப்பிக்?

`வயசானவங்களுக்கு வர்ற விஷயம்தானே?' என்று ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள். `பிளாக் பாந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மேனுக்கு 2016-ல் பெருங்குடல் புற்றுநோய் மூன்றாவது கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட்டில் இறக்கும்போது அவருக்கு வயது 43. இடைப்பட்ட வருடங்களில், சிகிச்சைக்கு நடுவேதான் அவர் நடித்துக்கொண்டிருந்தார் என்பதே இறந்த பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அவருடைய மரணம் ஒரு பெரிய போக்கின் ஒரு முகம்தான். அமெரிக்காவில் 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, 1990-ஐ ஒட்டிப் பிறந்தவர்களை 1950-ஐ ஒட்டிப் பிறந்தவர்களோடு, அதே வயதில் வைத்து ஒப்பிட்டது. 90-களில் பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 2 மடங்கு, மலக்குடல் புற்றுநோய் அபாயம் 4 மடங்கு. `90'ஸ் கிட்ஸ்' மீம் போடுகிற அதே தலைமுறைதான். 2021-ல் அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு, அறிகுறி இல்லாதவர்களும் ஸ்க்ரீனிங் தொடங்க வேண்டிய வயதை 50-லிருந்து 45 ஆகக் குறைத்தது.

காரணம்? உடல் பருமன், நடமாட்டமில்லாத வாழ்க்கை, பதப்படுத்திய இறைச்சி, மது, புகை என்று பழைய பட்டியல் இருக்கிறது. ஆனால், உடம்பை ஃபிட்டாக வைத்திருக்கிற இளைஞர்களுக்கும் வருவதை அது முழுசாக விளக்கவில்லை. 2025 ஏப்ரலில் `நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 11 நாடுகளைச் சேர்ந்த 981 பேரின் குடல் கட்டிகளை மரபணு ரீதியாக ஆராய்ந்தது. குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் சுரக்கும் `கோலிபாக்டின்' என்ற நச்சு விட்டுச்சென்ற தடம், 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் சுமார் 3.3 மடங்கு அதிகமாக இருந்தது. இது ஒரு துப்பு. வழக்கு இன்னும் முடியவில்லை.

நம்ம ஊர்ல நிலைமை என்ன?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். மேற்கத்திய நாடுகளோடு ஒப்பிட்டால் இந்தியாவில் குடல் புற்றுநோய் வருகிற விகிதம் குறைவு. ஆனால், மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனைக்கு 2013-14-ல் வந்த 800 குடல் புற்றுநோய் நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தபோது, சராசரி வயது 47 தான். இதைப் பார்த்து `இந்திய இளைஞர்களுக்குத்தான் அதிகம் வருது' என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடக் கூடாது. நம் நாட்டில் இளைஞர்கள் எண்ணிக்கையே அதிகம். தவிர, இது ஒரு பெரிய மருத்துவமனையைத் தேடி வந்தவர்களின் கணக்கு. ஆனாலும் ஒரு விஷயம் உறுதி. `எனக்கு சின்ன வயசு, வராது' என்பது ஒரு மருத்துவக் காரணம் கிடையாது.

அரசின் தொற்றா நோய் திட்டத்தில் 30 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய 3 புற்றுநோய்களுக்குத்தான் பரிசோதனை இருக்கிறது. குடல் அந்தப் பட்டியலில் இல்லை. அதாவது, நம் ஊரில் யாரும் உங்களைக் கூப்பிட்டு `வாங்க, செக் பண்ணிக்கலாம்' என்று சொல்லப்போவதில்லை. அறிகுறி வந்து, அதை நீங்கள் கவனித்து, நீங்களே போனால்தான் உண்டு.

எந்த அறிகுறி? 2023-ல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குள் குடல் புற்றுநோய் வந்த 5,000-க்கும் மேற்பட்டவர்களின் பழைய மருத்துவப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்தது. நோய் உறுதியாவதற்கு 3 மாதம் முதல் 2 வருடம் முன்பே 4 அறிகுறிகள் தனித்துத் தெரிந்தன: வயிற்றுவலி, ஆசனவாய் வழியாக ரத்தம், வயிற்றுப்போக்கு, இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகை.

இந்த 4-ல் ஒன்று இருந்தாலே புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. இளம் வயதில் ரத்தம் வருவதற்குப் பெரும்பாலும் மூலமோ, ஆசனவாய் வெடிப்போதான் காரணம். எல்லோருக்கும் கொலோனோஸ்கோபி தேவையும் இல்லை. எந்த டெஸ்ட் வேண்டும் என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார். பிரச்னை எங்கே என்றால், `மூலம்தான்' என்று நமக்கு நாமே தீர்ப்பு எழுதிக்கொண்டு மருந்துக்கடையில் ஆயின்மென்ட் வாங்கிப் போவதில். அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் யாருக்காவது குடல் புற்றுநோய் வந்திருந்தால், 45 வரை காத்திருக்கக் கூடாது. 40 வயதிலோ, அவருக்கு நோய் வந்த வயதிலிருந்து 10 வருடம் முன்னதாகவோ, எது முதலில் வருகிறதோ அப்போதே ஸ்க்ரீனிங் தொடங்க வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டுதல்.

குடல் சுத்தமா இல்லைன்னா என்ன ஆகும்?

பெருங்குடல் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம். அதன் உள்சுவரில் `பாலிப்' எனப்படும் சின்னச் சின்னச் சதை வளர்ச்சிகள் உருவாகலாம். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது. சில மட்டும் பல வருடங்களில், சுமார் 10 வருடங்களில்கூட, புற்றுநோயாக மாறலாம். கொலோனோஸ்கோபியின் அருமை இதுதான். பார்ப்பதோடு நிற்காமல், பாலிப் இருந்தால் அதே குழாய் வழியாக அங்கேயே வெட்டி எடுத்துவிடலாம். நோயைக் கண்டுபிடிக்கிற டெஸ்ட் நிறைய இருக்கிறது. நோய் வருவதற்கு முன்பே அதை எடுத்தெறிகிற டெஸ்ட் மிகக் குறைவு.

ஆனால், பாலிப் சில மில்லிமீட்டர்தான் இருக்கும். தட்டையாக, சுவரின் நிறத்திலேயே படுத்திருக்கும். அதன்மேல் ஒரு கீரை இலை ஒட்டியிருந்தால் கதை முடிந்தது. மழை பெய்து சேறு படிந்த ரோட்டில் பள்ளம் எங்கே இருக்கிறது என்று தெரியுமா? அதுபோலத்தான்.

இதற்காகவே மருத்துவர்கள் மார்க் போடுகிறார்கள். `பாஸ்டன் ஸ்கேல்' என்று பெயர். குடலை வலது, நடு, இடது என்று 3 பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மார்க். மொத்தம் 9. எந்தப் பகுதியிலும் 2-க்குக் கீழே போகக் கூடாது. எனக்கு வலது பகுதியில் கிடைத்தது 1. பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு அப்புறம் இவ்வளவு கேவலமாக நான் மார்க் வாங்கியதில்லை.

நான் மட்டும் இல்லை. உலக அளவிலேயே 20 முதல் 25 சதவிகிதம் வரை கொலோனோஸ்கோபிகளில் குடல் போதுமான அளவு சுத்தமாக இருப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. விளைவு? மறுபடி பணம், மறுபடி லீவு, மறுபடி அந்தத் தண்ணீர். இதைவிட மோசம், `எல்லாம் நார்மல்' என்று ரிப்போர்ட் வாங்கிக்கொண்டு, மறைந்திருக்கிற பாலிப்போடு வீட்டுக்குப் போவது.

2, 3 நாள் முன்னாடி: வெள்ளைதான் ஹீரோ

வருஷம் முழுக்க `நார்ச்சத்து சாப்பிடு, கீரை சாப்பிடு, சிறுதானியத்துக்கு மாறு' என்று கேட்டுப் பழகியிருப்போம். இந்த 2, 3 நாளுக்கு மட்டும் அத்தனையும் தலைகீழ். நார்ச்சத்து கழிவை அதிகமாக்கும். நமக்கு இப்போது கழிவே வேண்டாம்.

சாப்பிடலாம்: குழைந்த வெள்ளைச் சாதம், இட்லி, இடியாப்பம், வெள்ளை பிரெட், ரவை உப்புமா (காய்கறியும் தாளிப்பும் இல்லாமல்), தயிர், முட்டை, முள் நீக்கிய மீன், தோல் உரித்த உருளைக்கிழங்கு, வடிகட்டிய ரசம்.

தொடக் கூடாது: கீரை, காய்கறிப் பொரியல், சாம்பார், கம்பு, கேழ்வரகு, தினை, சுண்டல், கொய்யா, மாதுளை, அத்தி, நட்ஸ், தேங்காய்ச் சட்னி.

நம் ஊர்ச் சமையலில் யாரும் கவனிக்காத வில்லன் ஒருவர் இருக்கிறார். தாளிப்பு! கடுகு, சீரகம், மிளகாய் விதை, தக்காளி விதை, இட்லிப்பொடியில் இருக்கும் எள் எல்லாமே செரிக்காமல் அப்படியே குடலில் தங்கும். கருவியில் கழிவை உறிஞ்சுகிற சின்னத் துளையை ஒரு கடுகு அடைத்துவிடும். `வெறும் தயிர் சாதம்தான் சாப்பிட்டேன் டாக்டர்' என்பீர்கள். அதில் கடுகும் மாதுளையும் மிதந்திருக்கும். அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். `உடம்பு சரியில்லாத பிள்ளை' என்று அவர் பாசத்தில் போடுகிற ஒரு கைப்பிடிக் கீரைதான் என்னை ஃபெயில் ஆக்கியது.

இதை ஒரு வாரத்துக்கு இழுக்க வேண்டுமா? மலச்சிக்கல் மாதிரி பிரச்னைகள் இல்லாதவர்களுக்கு, டெஸ்ட்டுக்கு முந்தைய ஒரு நாள் மட்டும் உணவுக் கட்டுப்பாடு போதும் என்கிறது அமெரிக்கக் குடல் மருத்துவ அமைப்புகளின் 2025 பரிந்துரை. நம் மருத்துவமனைகள் பலவற்றில் 2, 3 நாள் சொல்கிறார்கள். உங்கள் மருத்துவமனை எதைச் சொல்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம். இந்தக் கட்டுரை அந்தச் சீட்டுக்குப் பதில் இல்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு துணை, அவ்வளவுதான்.

முந்தின நாள்: தெளிவான திரவம்

பெரும்பாலும் முந்தைய நாள் காலையிலோ மதியமோ லேசான உணவோடு சாப்பாடு நின்றுவிடும். அதன் பிறகு `கிளியர் லிக்விட்' மட்டும். டம்ளருக்குப் பின்னால் ஒரு பேப்பரை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும். அதுதான் கணக்கு. இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ், பால் சேர்க்காத டீ அல்லது காபி, ஓ.ஆர்.எஸ், ஆப்பிள் ஜூஸ், வடிகட்டிய சூப் எல்லாம் ஓகே. மோரும் வடிகஞ்சியும் நமக்குத் தெளிவாகத் தோன்றினாலும் இந்தக் கணக்கில் வராது. வேண்டுமென்றால் கேட்டுவிட்டுக் குடியுங்கள். சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டவே வேண்டாம். திராட்சை ஜூஸ், பீட்ரூட் ஜூஸ், ரோஸ் சிரப் எல்லாம் உள்ளே போய் ரத்தம் மாதிரியே தெரியும்.

ராத்திரி: 2 லிட்டர் சவால்

இப்போ மெயின் பிக்சர். நம் ஊரில் பெரும்பாலும் கொடுப்பது `பாலிஎத்திலீன் கிளைக்கால்' என்ற பவுடர். 2 லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டும். இது குடலைக் குத்திக் கிளறி பேதியாக்குகிற மருந்து இல்லை. தண்ணீரை உடம்பு உறிஞ்சிக்கொள்ள விடாமல் தன்னோடு பிடித்துவைத்துக்கொண்டு, குடல் முழுக்கக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். பைப்பைத் திறந்துவிட்டுத் தரையைக் கழுவுகிற மாதிரி. அதனால்தான் அளவு முக்கியம். முக்கால்வாசித் தண்ணீர் ஊற்றினால் முக்கால்வாசி வீடுதான் சுத்தமாகும்.

மருந்தை இரண்டாகப் பிரித்துக் குடிப்பதுதான் இன்று உலகம் முழுக்கப் பரிந்துரைக்கப்படும் முறை. பாதி முந்தைய நாள் மாலை. மீதிப் பாதியை டெஸ்ட்டுக்கு 4 முதல் 6 மணி நேரம் முன்பு ஆரம்பித்து, குறைந்தது 2 மணி நேரம் முன்பு முடித்துவிட வேண்டும். மத்தியானம் டெஸ்ட் என்றால், மொத்தத்தையும் அன்று காலையிலேயே குடிக்கச் சொல்வதும் உண்டு. `அதிகாலை 3 மணிக்கு எழுந்து குடிக்கணுமா? ராத்திரியே மொத்தமா முடிச்சுடலாமே' என்று தோன்றும். ராத்திரி முழுக்கச் சிறுகுடலிலிருந்து பித்தநீரும் கசடும் இறங்கி, பெருங்குடலின் வலது பக்கச் சுவரில் பசை மாதிரிப் படியும். அதைக் கழுவுவது அந்தக் காலை டோஸ்தான். நான் வாஷ்பேசினில் ஊற்றியதும் அதில்தான். எனக்கு மார்க் குறைந்ததும் அந்த வலது பக்கத்தில்தான்.

சுவை? லேசான உப்பு, லேசான வழவழப்பு, பொய்யான ஆரஞ்சு வாசனை. யாரும் லைக் போடப்போவதில்லை. ஆனால் சமாளிக்க வழி இருக்கிறது.

* கலக்கி ஃபிரிட்ஜில் வைத்துச் சில்லென்று குடியுங்கள்.
* ஒரு டம்ளர், 10-15 நிமிடம் இடைவெளி, அடுத்த டம்ளர். ஒரே மூச்சில் வீரம் காட்டினால் வாந்திதான்.
* ஸ்ட்ரா வைத்து நாக்கின் பின்பக்கம் போகுமாறு குடித்தால் சுவை குறைவாகத் தெரியும்.
* இடையில் எலுமிச்சைத் துண்டை முகர்ந்துகொள்ளலாம், தெளிவான எலுமிச்சை ஜூஸ் ஒரு வாய் குடிக்கலாம்.
* வயிறு உப்பினால் அறைக்குள் நடங்கள்.
* குமட்டினால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடருங்கள். வாந்தி நிற்கவில்லை, கடுமையான வயிற்றுவலி, தலைசுற்றல், குடித்தும் எதுவும் வெளியே போகவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள்.

குடிக்க ஆரம்பித்து ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வேலை தொடங்கும். அப்புறம் உங்கள் நிரந்தர முகவரி பாத்ரூம்தான். டிஷ்யூ பேப்பர் வைத்துத் துடைக்காதீர்கள். தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, தேங்காய் எண்ணெயோ வாஸலினோ தடவிக்கொள்ளுங்கள். இந்த ஒரு டிப்ஸுக்காகப் பின்னர் எனக்கு நன்றி சொல்வீர்கள்.

எப்போது நீங்கள் `பாஸ்'? வெளியே வருவது வெளிர் மஞ்சளாக, சிறுநீர் மாதிரித் தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாகவோ, திட்டுத்திட்டாகவோ இருந்தால் மறைக்காதீர்கள். மருத்துவமனைக்கு முன்கூட்டியே சொன்னால், கூடுதல் மருந்தோ வேறு நேரமோ கொடுப்பார்கள்.

மாத்திரைகள்: நீங்களே முடிவெடுக்காதீங்க

இரும்புச்சத்து மாத்திரை குடலைக் கறுப்பாக்கும். பொதுவாக 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் பட்டினி நாளில் இன்சுலின், மாத்திரை அளவு மாறும். சிறுநீரகம் அல்லது இதயப் பிரச்னை இருந்தால் எந்த பேதி மருந்து என்பதே மாறும். சோடியம் பாஸ்பேட் வகை மருந்துகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும் என்று 2008-லேயே அமெரிக்காவில் கடும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அதனால் நண்பன் மிச்சம் வைத்த பாக்கெட்டை வாங்கிக் குடிக்கிற வேலை வேண்டாம்.

இன்னொரு புது விஷயம். 2025-ல் இந்தியாவுக்கு வந்த உடல் எடைக் குறைப்பு ஊசிகளை இளைஞர்கள் பலர் போட ஆரம்பித்திருக்கிறார்கள். இவை இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். மயக்கத்தில் இருக்கும்போது உள்ளே இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. வீட்டில் சொல்லாமல் போட்டிருந்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும் அப்படியே. பீரியட்ஸ் நாளாக இருந்தால்? அது தடையே இல்லை.

பி.ஜி-யில் இருக்கறவங்க என்ன பண்றது?

எந்த மருத்துவமனைச் சீட்டிலும் இல்லாத அத்தியாயம் இது. வேளச்சேரியிலோ பெருங்குடியிலோ 4 பேருக்கு ஒரு பாத்ரூம் உள்ள பி.ஜி-யில் இருக்கிறீர்கள். ராத்திரி 10 மணிக்கு மேல் தண்ணீர் வருமா என்பது சந்தேகம். கிச்சன் உங்கள் கையில் இல்லை, மெஸ்ஸில் சாம்பார்தான். டீம் லீடிடம் எதற்கு லீவு என்று சொல்ல வெட்கம். பல பேர் டெஸ்ட்டைத் தள்ளிப்போடுவதற்குக் காரணம் பயத்தைவிட இந்த லாஜிஸ்டிக்ஸ்தான்.

முடிந்தால் அந்த ஒரு ராத்திரி வீட்டுக்கோ, நண்பரின் வீட்டுக்கோ போய்விடுங்கள். முடியாவிட்டால் ரூம்மேட்களிடம் நேராகச் சொல்லிவிடுங்கள். `நாளைக்கு வயித்துக்கு டெஸ்ட், இன்னிக்கு பாத்ரூம் எனக்கு' என்றால் போதும். பக்கெட்டுகளில் தண்ணீர் பிடித்து வையுங்கள். வார நடுவில் என்றால் முந்தைய நாள் மதியத்திலிருந்தே லீவு போடுங்கள். நைட் ஷிஃப்ட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் செய்ய முடியாது.

அடுத்து, துணைக்கு ஓர் ஆள். மயக்க மருந்து கொடுத்தால் அன்று முழுக்க வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான கையெழுத்தும் போடக் கூடாது. பல மருத்துவமனைகளில் அட்டெண்டர் இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். `பைக்ல தனியா வந்து தனியா போயிடுவேன்' என்ற சாகசம் இங்கே செல்லாது.

பணம்? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல் மருத்துவத் துறைகள் இருக்கின்றன. சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி இரண்டிலும் உண்டு. தனியாரில் சில ஆயிரங்களில் ஆரம்பிக்கும். பாலிப் எடுத்தால், பயாப்ஸி அனுப்பினால் கூடும். எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கேளுங்கள். இன்ஷூரன்ஸ் இருந்தாலும், வெறும் பரிசோதனை என்றால் பணம் தர மறுக்கலாம். அதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

தப்பு நம்ம மேல மட்டுமா?

என் தப்பை ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால், எனக்குக் கொடுத்த சீட்டு எப்படி இருந்தது தெரியுமா? ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸ் எடுத்து மங்கிப்போன அரைப் பக்கம். முழுக்க ஆங்கிலம். `லோ ரெசிட்யூ டயட்' என்று ஒரு வரி. எனக்கே அது புரியவில்லை. எனக்குச் சமைத்துக்கொடுத்த அம்மாவுக்கு எப்படிப் புரியும்? அதில் கடுகு இல்லை, கீரை இல்லை, மெஸ் சாம்பார் இல்லை. கவுன்ட்டரில் பவுடரைக் கொடுத்தவர், ``2 லிட்டர்ல கலக்கிக் குடிச்சுடுங்க'' என்றார். விளக்கம் முடிந்தது.

வாய்மொழியாகவும் எழுத்திலும் விளக்கம் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டுதல்கள் தெளிவாகச் சொல்கின்றன. போனில் நினைவூட்டுவதும், மெசேஜ் அனுப்புவதும் குடல் சுத்தத்தை மேம்படுத்துகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 10 கொலோனோஸ்கோபியில் 9-ல் குடல் சரியாகச் சுத்தமாகியிருக்க வேண்டும் என்பது மருத்துவமனைகளுக்கு 2025-ல் வைக்கப்பட்டிருக்கிற இலக்கு. பாருங்கள், மார்க் நோயாளிக்கு மட்டும் இல்லை, மருத்துவமனைக்கும் உண்டு. உணவு டெலிவரிக்கு ஐந்து மெசேஜ் வருகிற ஊரில், `இன்னிக்கு கீரை வேண்டாம்' என்று தமிழில் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்புவது பெரிய தொழில்நுட்பம் இல்லை.

அதுவரை நாம் கேட்க வேண்டும். அப்பாயின்ட்மென்ட் போடும்போதே கேளுங்கள்: எந்த மருந்து, எத்தனை லிட்டர், எத்தனை மணிக்கு எந்த டோஸ், எந்த மாத்திரையை நிறுத்தணும், ராத்திரி சந்தேகம் வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிடணும்? இந்த 5 கேள்விக்கும் பதில் வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும். `கோலன் க்ளென்ஸ்', `டீடாக்ஸ்' என்று இன்ஸ்டாவில் விற்கும் பவுடர்களும் இதுவும் ஒன்றல்ல. கொலோனோஸ்கோபிக்காகக் குடலைக் கழுவுவது, உள்ளே பார்ப்பதற்காக ஒரு நாள் மட்டும் செய்யும் வேலை. அதில் நச்சு வெளியேறுவதோ, எடை குறைவதோ கிடையாது. சும்மா இருக்கிற குடலை மாதாமாதம் கழுவ வேண்டிய அவசியமும் இல்லை.

வெட்கம் யாரைக் காப்பாத்துச்சு?

2000-ம் ஆண்டு மார்ச்சில், அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கேட்டி கூரிக் தன் கொலோனோஸ்கோபியை டி.வி-யிலேயே காட்டினார். அதற்கு இரண்டு வருடம் முன்புதான் அவருடைய கணவர், பெருங்குடல் புற்றுநோயால் 42 வயதில் இறந்திருந்தார். அந்த நிகழ்ச்சிக்குப் பிறகு கொலோனோஸ்கோபி செய்துகொண்டவர்களின் எண்ணிக்கை 20 சதவிகிதத்துக்கு மேல் கூடியதாக ஓர் ஆய்வு சொன்னது. 2022-ல் `டெட்பூல்' ரயன் ரெனால்ட்ஸ், ஒரு பந்தயத்தில் தோற்றதற்காகத் தன் கொலோனோஸ்கோபியை வீடியோவாகப் போட்டார். 45 வயது, எந்த அறிகுறியும் இல்லை. உள்ளே ஒரு பாலிப். அங்கேயே எடுத்துவிட்டார்கள்.

நம் ஊரில் இன்னும் யாரும் இதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. நான் ஆபீஸில் முதல் தடவை `ஃபுட் பாய்சன்' என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன். ரெண்டாவது தடவை உண்மையைச் சொன்னேன். மறுநாள், பக்கத்து சீட் அண்ணா டீ குடிக்கக் கூப்பிட்டுப் போய், மெதுவாகக் கேட்டார், ``எனக்கும் ஒரு வருஷமா ரத்தம் வருது, எந்த டாக்டர்கிட்ட போன?''

அந்த ரெண்டாவது தடவை, 3 நாள் வெள்ளைச் சாதம், கடுகு இல்லாத ரசம், கடைசிச் சொட்டு வரை 2 லிட்டர். அம்மா அதிகாலை 3 மணிக்கு என்னோடு எழுந்து, டம்ளர் டம்ளராக எண்ணிக் கொடுத்தார். மார்க் 9-க்கு 8. உள்மூலம் இருந்தது. அம்மா சொன்னது பாதி சரி. ஆனால், வலது பக்கத்தில், முதல் தடவை எதுவுமே தெரியாமல் மூடிக்கிடந்த அதே இடத்தில், 8 மில்லிமீட்டர் பாலிப் ஒன்று இருந்தது. எடுத்துவிட்டார்கள். பயாப்ஸியில் புற்றுநோய் இல்லை. ஆனால், விட்டிருந்தால் ஒருநாள் அப்படி மாறியிருக்கக்கூடிய வகை. அடுத்த டெஸ்ட்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார் டாக்டர்.

முதல் ரிப்போர்ட்டோடு நான் விட்டிருந்தால், இது தெரிந்தே இருக்காது.

நீங்களும் போனை கவிழ்த்து வைத்திருந்தால், நிமிர்த்துங்கள். ஒரு அப்பாயின்ட்மென்ட் போடுங்கள். கொலோனோஸ்கோபி எழுதிக் கொடுத்தால், இந்தக் கட்டுரையை முதலில் வீட்டில் சமைப்பவருக்கு ஃபார்வேர்ட் பண்ணிடுங்க!